அட்டைப் படத்துப் பெண்

அந்த மாதத்து அட்டைப் படத்தை எடுத்தது நான். அதுதான் அட்டையில் வர வேண்டும் என்று பிடிவாதம் பிடித்ததும் நான்தான். இதில் வேறு யார்மேலும் பழியைப் போட எனக்கு வழியில்லை.

திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு லேபிளும் அட்டைப்பெட்டியும் அச்சடித்துக் கொடுக்கும் ஓர் அச்சகத்தின் மாடியில் எங்கள் பத்திரிகை அலுவலகம் இருக்கிறது. அச்சக முதலாளிதான் ஆசிரியர். கொங்கு நாட்டுச் சமையல், கோயில் திருவிழாவான நோம்பி, கல்யாணச் சீர், பழைய தொட்டிக்கட்டு வீடுகள் என்று இந்த மண்ணின் பெருமைகளை வழுவழுத் தாளில் மாதாமாதம் கொண்டுவருகிறோம். நகைக்கடை, ஓட்டல் வரவேற்பறை, கல்யாண மண்டபம், பல் ஆஸ்பத்திரி என்று ஆட்கள் காத்திருக்கும் இடங்களில் எல்லாம் எங்கள் இதழ் மேசைமேல் கிடக்கும். நான் முன்பு ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராக இருந்தேன். மகள் பள்ளிக்குப் போக ஆரம்பித்ததும் அந்த ஓட்டத்தை விட்டுவிட்டு இங்கே வந்துவிட்டேன். எழுதுவது, படம் எடுப்பது, பக்கம் கட்டுவது, விளம்பரக்காரர்களை விரட்டுவது எல்லாம் நான் ஒருத்திதான். ஆசிரியரை அண்ணா என்று கூப்பிடுவேன்.

அது மாரியம்மன் நோம்பிச் சிறப்பிதழ். பல்லடம் பக்கத்தில் ஒரு தறிக்கார ஊருக்குப் போயிருந்தேன். சாமளாபுரம், பொங்கலூர், அவிநாசி என்று எத்தனையோ ஊர்களைப் பெயர் போட்டு எழுதியிருக்கிறேன். இந்த ஊரின் பெயரை மட்டும் இனி எங்கும் எழுத மாட்டேன்.

சாயங்காலம் மாவிளக்கு ஊர்வலம். தறிகளை எல்லாம் நிறுத்தியிருந்தார்கள். தெரு முழுக்கப் பெண்கள் தட்டில் மாவிளக்கு ஏந்தி வரிசையாக வந்தார்கள். அந்த வரிசையில் இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதில் ஒரு பெண். கருநீலச் சேலை, தலையில் கொஞ்சமாகக் கனகாம்பரம். விளக்கு வெளிச்சம் கீழிருந்து அவள் முகத்தில் அடித்தது. நான் கேமராவைத் தூக்கியதும் முகத்தைச் சட்டென்று அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். வெட்கம் என்று நினைத்தேன். கிராமத்துப் பெண்களைப் படம் எடுக்க எனக்கு ஒரு வித்தை தெரியும். கேமராவை இறக்கிவிட்டு வேறு எங்கோ பார்ப்பதுபோல் நிற்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் அவர்கள் மறந்துவிடுவார்கள். அவளும் மறந்தாள். கோயில் வாசலில் நிமிர்ந்து அம்மனைப் பார்த்தபோது எடுத்துவிட்டேன்.

அவளுக்குப் பின்னால் வந்த அம்மாவிடம், “இந்தப் புள்ள எந்த ஊடுங்க?” என்று கேட்டேன்.

“எங்க லைன் ஊட்லதானுங்க குடியிருக்குது. பொறந்த கொழந்தைக்காக வேண்டிக்கிட்டு மாவெளக்கு எடுக்குது” என்றார் அவர். அந்த வரிசை வீடுகளுக்குச் சொந்தக்காரர் அவர். கோயிலுக்குப் பின்தெருவில் வீடு, பக்கத்திலேயே சொந்தத் தறிகள். புத்தகம் வந்ததும் ஒன்று அனுப்புகிறேன் என்று அவருடைய போன் நம்பரை வாங்கிக்கொண்டு என்னுடையதையும் கொடுத்தேன். படத்தில் இருந்த பெண்ணிடம் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.

படத்தைப் பார்த்ததும் அண்ணா, “அட்டகாசமா இருக்குதும்மா” என்றார். அதன்கீழ் ‘நம் மண்ணின் மகள்’ என்று தலைப்புப் போட்டேன். திங்கட்கிழமை இதழ் கட்டுக் கட்டாக வெளியே போனது. அன்றே அட்டையைப் போன் குரூப்களில் போட்டேன், ஸ்டேட்டஸும் வைத்தேன். சாயங்காலத்துக்குள் எனக்குத் தெரியாத ஆட்கள் எல்லாம் பாராட்டினார்கள். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்த நாள் வேறு இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி இருக்கும். அலுவலக போன் அடித்தது. வயதான ஓர் ஆள். தெற்கத்திப் பேச்சு. திருப்பூரில் அந்தப் பேச்சைக் கேட்காமல் பஸ் ஏற முடியாது, அதனால் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

“வணக்கம்மா. உங்க புஸ்தகம் போன்ல வந்துச்சு. அட்டையில இருக்க பிள்ள மகாலச்சுமி மாதிரி இருக்கு. எந்த ஊரும்மா அது?”

ஊர்ப் பெயரைச் சொன்னேன்.

“அங்கனயே குடியிருக்க பிள்ளையா, இல்ல திருவிழாவுக்கு வந்ததா?”

“அங்கயேதானுங்க. கோயிலுக்குப் பின்னாடி தெருவுல லைன் வீட்டுல இருக்காங்க.”

“ரொம்ப சந்தோசம்மா. நல்லா இருங்க” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

ஒரு வாசகர் எவ்வளவு பிரியமாகப் பேசினார் என்று அண்ணாவிடம் போய்ப் பெருமையாகச் சொன்னேன்.

ஒரு மணிக்கு அந்த வீட்டுக்கார அம்மா கூப்பிட்டார். குரல் தாழ்ந்திருந்தது. “கண்ணு, அந்தப் புள்ள படத்தப் பொஸ்தகத்து அட்டைல போட்டுப்போட்டியாமா? அவ வீட்டுக்காரன் வேலை செய்யற கம்பெனில யாரோ போன்ல காட்டியிருக்காங்க. அவன் இவளுக்குக் கூப்பிட்டுச் சொன்னதுல இருந்து இவ சோறு தண்ணி இல்லாம கொழந்தையக் கட்டிப் புடிச்சுட்டு மூலைல ஒக்காந்திருக்குது. கேட்டா வாயே தொறக்க மாட்டேங்குது. ஒரெட்டு வந்துட்டுப் போ.”

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அனுமதி கேட்காமல் படம் போட்டதற்குக் கோபமாக இருப்பாள், மன்னிப்புக் கேட்டால் சரியாகிவிடும் என்றுதான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனேன்.

ஒற்றை அறை. உள்ளே தொட்டில் சேலை தொங்கியது. அவள் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். மடியில் எட்டு மாதக் குழந்தை. பக்கத்துத் தறிகளின் சத்தத்தில் அவள் பேசுவதைக் கேட்க நான் குனிய வேண்டியிருந்தது. கோபமே இல்லை அவளிடம். அவள் கேட்டது ஒன்றுதான்.

“யாராச்சும் உங்களுக்குப் போன் பண்ணி எந்த ஊருன்னு கேட்டாவளாக்கா?”

இல்லை என்று சொல்லிவிட வாய் வந்தது. அவள் கண்ணைப் பார்த்துப் பொய் சொல்ல முடியவில்லை.

“ஆமாம்மா. காலைல ஒருத்தர் கேட்டாரு.”

“வயசான குரலா?”

“ஆமா.”

“வைக்கும்போது நல்லா இருங்கன்னாவளா?”

தலையை மட்டும் ஆட்டினேன்.

“எங்கப்பா” என்றாள். “எடத்தச் சொல்லிட்டீங்களாக்கா?”

“சொல்லிட்டேன்.”

அவள் அழவில்லை. குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு எழுந்து, கொடியில் கிடந்த குழந்தைத் துணிகளை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். எத்தனையோ தடவை செய்து பழகிய கை அது. அதைப் பார்த்தபோதுதான் இது மன்னிப்புக் கேட்டுச் சரிசெய்யும் விஷயம் இல்லை என்று எனக்குப் புரிந்தது.

மடித்துக்கொண்டே சொன்னாள். அவள் தென்கோடியில் ஒரு கிராமத்துப் பெண். கல்லூரிக்குப் போகும்போது வேறு சாதிப் பையன் ஒருவனோடு பழக்கம். வீட்டை விட்டுப் போய்க் கல்யாணம் செய்துகொண்டார்கள். அதன்பிறகு மூன்று ஊர் மாறியாகிவிட்டது. ஒவ்வோர் ஊரிலும் யாராவது ஒரு தெரிந்த முகம் தட்டுப்பட்டது. “இங்கதாங்க்கா ஒரு வருசம் முழுசா இருந்தோம். பிள்ள பொறந்ததும் கொஞ்சம் பயம் விட்டுப்போச்சு. அதான் மாவிளக்கு எடுத்தேன். எடுத்திருக்கக் கூடாது.”

படம் எடுத்தது நான். அவளோ மாவிளக்கு எடுத்ததற்காகத் தன்னையே நொந்துகொண்டிருந்தாள்.

வீட்டுக்கார அம்மா வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டார். குடிவைக்கும்போது அவர் என்ன ஆளுங்க என்று கேட்டிருக்கிறார்; இவர்கள் ஒரே சாதி என்று சொல்லியிருக்கிறார்கள். அவர் முகம் ஒரு நிமிடம் சுருங்கியதை நான் பார்த்தேன். இனி என்ன சொல்லப்போகிறாரோ என்று அவள் கையும் துணியோடு நின்றுவிட்டது. அவர் உள்ளே வந்து அலமாரிமேல் இருந்த பையை இறக்கினார். “பாத்துட்டு நிக்காத. பால் டப்பா, கஞ்சி மாவு எல்லாம் எடுத்து வெச்சுக்கோ” என்றார்.

அவள் அப்பாவின் ஊரிலிருந்து காரில் கிளம்பினால் இங்கே வந்துசேர ஆறு, ஏழு மணி நேரம். பத்து மணிக்கு நான் இடம் சொல்லியிருக்கிறேன். இப்போது இரண்டரை.

அண்ணாவுக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொல்லும்போதே எனக்கு அழுகை வந்தது. பத்திரிகைக்குக் கெட்ட பெயர் வரும், இதில் எல்லாம் தலையிடாதே என்று சொல்வார் என்றுதான் எதிர்பார்த்தேன். அவர் பரம்பரை பரம்பரையாக இந்த ஊரில் நாலு பேர் மதிக்கும் குடும்பம். கோயில் கமிட்டியில் இருப்பவர். யாரிடமோ அச்சு இயந்திரத்தை நிறுத்தச் சொன்னார். பிறகு, “அந்தப் பையன் எங்க வேலை செய்யறான்னு கேட்டுச் சொல்லு. நான் வேன எடுத்துட்டு வர்றேன்” என்றார்.

ஒரு மணி நேரத்தில் அச்சக வேனை அவரே ஓட்டிக்கொண்டு வந்தார். வழியில் ஒரு பஸ் நிறுத்தத்தில் அந்தப் பையனையும் ஏற்றி வந்திருந்தார். பனியன் தைக்கும் ஓவர்லாக் டெய்லர். மெலிந்த உடம்பு, சட்டையெல்லாம் பஞ்சுத் தூசி. என்னைப் பார்த்தான். பிறகு பைகளைத் தூக்கி வேனில் வைத்தான். திட்டியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

“போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயிரலாமா தம்பி?” என்று அண்ணா கேட்டார்.

“வேண்டாம் சார்” என்றான் அவன். “ஒருதடவ வேற ஊர்ல போனோம். நாங்க எழுதிக் குடுத்துட்டு வெளிய வாரதுக்குள்ள அவங்க வாசல்ல நிக்காங்க.”

மூலனூர்ப் பக்கம் அண்ணாவுடைய தங்கை வீடு இருந்தது. முருங்கைத் தோட்டத்துக்கு நடுவில் தனி வீடு. இப்போது அந்தப் பெண்ணும் பையனும் அங்கே இல்லை என்பதால் இந்தப் பெயரைச் சொல்கிறேன். அங்கே போவது என்று முடிவானது. என் ஸ்கூட்டரை வீட்டுக்கார அம்மா வாசலிலேயே விட்டுவிட்டு வேனில் முன்னால் ஏறினேன். பின்னால் கோயமுத்தூருக்கு அனுப்ப ஏற்றிய பத்திரிகைக் கட்டுகள் அப்படியே இருந்தன. இறக்க நேரமில்லை. கட்டுகளுக்கு நடுவில் இடம் ஒதுக்கி அவர்கள் உட்கார்ந்தார்கள்.

திரும்பிப் பார்த்தேன். கட்டுகளின் மேலெல்லாம் அவள் முகம். அவற்றின்மேல் சாய்ந்துகொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். அதுவரைக்கும் அவள் அந்தப் படத்தைப் பார்க்கவே இல்லை. கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கணவனிடம் மெதுவாக, “நான் நல்லாத்தான் இருக்கேம்லா?” என்றாள். அவன் படத்தைப் பார்க்காமல், தன் துண்டை எடுத்துக் கட்டின்மேல் போட்டு மூடினான்.

பொங்கலூர் தாண்டியதும் அவன் முன்னால் எட்டி, “சார், எந்த வழியா போறோம்?” என்று கேட்டான்.

“குண்டடம், தாராபுரம்.”

“அவங்க வாரதும் அந்த ரோடுதான சார்?”

அண்ணா வேகத்தைக் குறைத்தார். உண்மைதான். தெற்கேயிருந்து வரும் எந்த வண்டியும் தாராபுரம் தாண்டி அந்த ஒரே சாலையில்தான் எங்களுக்கு எதிரே வர வேண்டும். நாங்கள் நேராக அவர்கள் முகத்துக்கே போய்க்கொண்டிருந்தோம்.

அண்ணா சாலைகள் பிரியும் நால்ரோட்டில் வண்டியை ஓரமாக நிறுத்தி யோசித்தார். அப்போது தெற்குச் சாலையிலிருந்து ஒரு வெள்ளைக் கார் வந்தது. தெற்கத்தி நம்பர். உள்ளே மூன்று, நான்கு ஆண்கள். முன் இருக்கையில் இருந்தவர் தலையை வெளியே நீட்டி ஒரு டீக்கடைக்காரரிடம் வழி கேட்டார். பின்னால் அவள் குழந்தையோடு கட்டுகளுக்கு இடையில் படுத்துவிட்டாள். அவன் அவள்மேல் கவிழ்ந்துகொண்டான். குழந்தை சிணுங்கியது. அவள் அதன் வாயில் மார்பைக் கொடுத்தாள். நான் முன்பக்கம் கிடந்த ஒரு பத்திரிகையைக் காலால் இருக்கைக்கு அடியில் தள்ளினேன்.

கார் பல்லடம் பக்கம் திரும்பிப் போயிற்று. அது அவர்கள்தானா, பழனிக்குப் போய்விட்டு வரும் வேறு யாராவதா என்று இன்றுவரைக்கும் எங்களுக்குத் தெரியாது. நாங்கள் காங்கயம் போய், வெள்ளகோயிலைச் சுற்றி மூலனூர் போனோம்.

அண்ணாவின் தங்கை கேள்வி எதுவும் கேட்காமல் குழந்தைக்கு வெந்நீர் வைத்தார். அவர்களை விட்டுவிட்டுத் திரும்பி வரும்போது வீட்டுக்கார அம்மா கூப்பிட்டார்.

“வந்துட்டுப் போயிட்டாங்க கண்ணு. மூணு பேரு. காலி பண்ணிட்டுப் போயி ஒரு வாரமாச்சுன்னு சொல்லிப்போட்டேன். நம்பல. கதவத் தள்ளிட்டு உள்ள போனாங்க. தொட்டில் சேலைய அவுக்க மறந்துட்டோம் பாரு. அதத் தொட்டுப் பாத்துட்டு ஒருத்தன், ‘கொழந்தை இருக்கா’ன்னு என்ர கிட்டக் கேக்கறான்.”

“நீங்க என்னங்க சொன்னீங்க?”

“அது எம் பேரன் தொட்டில்னு சொன்னேன். உன்ர வண்டியக் காட்டி யாருதுன்னாங்க. எம் மக வண்டின்னேன். முருகன்தான் என்னைய அப்பிடிப் பேச வெச்சான்.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “அவங்களுக்குக் கொழந்தை இருக்கறது தெரியாது போல கண்ணு. அதக் கேட்டப்ப அவன் மொகம் போன போக்கு, எனக்கு இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது.”

மறுநாள் காலையில் இருந்து பத்திரிகைகளைத் திரும்ப எடுக்க ஆரம்பித்தோம். இருப்பில் இருந்ததை அண்ணா கீழே கட்டிங் மெஷினில் கொடுத்துத் துண்டு துண்டாக்கினார். நான் ஓட்டல் ஓட்டலாக, கடை கடையாக ஏறி, “அச்சுல தப்பு வந்துருச்சுங்க, வேற குடுக்கறோம்” என்று சொல்லி வாங்கிவந்தேன். ஒரு நகைக்கடைப் பெண், “நல்லாத்தானே இருக்குதுங்க?” என்று விரித்து விரித்துப் பார்த்தாள். ஒரு சலூனில் அட்டையை மட்டும் கிழித்துக் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தார்கள். அதைக் கேட்டு வாங்கிச் சுரண்டி எடுத்தபோது கடைக்காரர் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார். குரூப்களில் போட்டதை அழித்தேன். ஆனால் அங்கிருந்து எத்தனை போனுக்குப் போயிருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

பதினோரு மணிக்கு அலுவலகம் திரும்பினேன். என் மேசைக்கு எதிரே இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் வயதானவர். வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு, நெற்றியில் திருநீறு. மற்றவனுக்கு முப்பது வயது இருக்கும். என்னைக் கண்டதும் பெரியவர் எழுந்து கும்பிட்டார்.

“நேத்து போன்ல பேசுனேனே, நாந்தாம்மா.”

அண்ணா கீழே இருந்தார். மாடியில் நான் மட்டும். உட்காருங்கள் என்றேன்.

“அது எம் மகம்மா. இவன் அவ அண்ணன்” என்றார். கண்ணில் நீர் கட்டிவிட்டது. துண்டால் துடைத்துக்கொண்டார். “ரெண்டு வருசமாச்சு அவ மொகத்தப் பாத்து. அவ அம்மா படுத்த படுக்கையா கெடக்கா. ஒரே ஒருதடவ பாத்துட்டுப் போயிருதோம். பேரப்பிள்ள வேற இருக்குன்னு நேத்துதான் தெரியும். அதத் தூக்கிப் பாக்கணும்னு ஆச இருக்காதாம்மா?”

அவர் அழுதது நடிப்பாகத் தெரியவில்லை. உதடு கோணி, மூக்கு ஒழுகி, ஒரு தகப்பன் அழும் அழுகைதான் அது. எனக்கும் மகள் இருக்கிறாள். ஒரு கணம் என் மனம் அசைந்தது. மூலனூர் என்ற சொல் வாய்க்குள் வந்து நின்றது.

அப்போதுதான் கவனித்தேன். மகன் அழவில்லை. அவன் என் மேசைமேல் இருந்த என் மகளின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“அந்தப் படம் நாங்க எடுத்ததில்லைங்க” என்றேன். “வெளியில ஒரு போட்டோக்காரர்கிட்ட வாங்குனது. அவர் சொன்ன ஊரத்தான் உங்களுக்குச் சொன்னேன். வேற ஒண்ணும் தெரியாதுங்க.”

“அந்தப் போட்டோக்காரர் நம்பர் தாங்க” என்றான் மகன்.

“அவர் வெளிநாட்டுல இருக்காருங்க.”

அவன் சிரித்தான். “நேத்து அந்த வீட்டு வாசல்ல நின்ன அதே வண்டி, இன்னைக்குக் காலைல உங்க ஆளு கொண்டாந்து கீழ விட்டுட்டுப் போறான். அதுவும் வெளிநாட்டு வண்டியாக்கா?”

ஸ்கூட்டரை எடுத்துவர அண்ணா அச்சகத்து ஆள் ஒருவரை அனுப்பியிருந்தார். பெரியவர் மகனைப் பார்த்து, “சும்மா இருல” என்றார். என்னிடம் திரும்பி, “புஸ்தகமாச்சும் ஒண்ணு குடுங்கம்மா. அந்த அட்டைய வச்சுக்கிடுதேன்” என்றார்.

“ஒண்ணும் இல்லைங்க. எல்லாம் தீந்துருச்சு.”

அவர் இன்னொரு தடவை கும்பிட்டுவிட்டுப் படி இறங்கினார். மகன் மட்டும் கதவருகில் நின்று, “நீங்களும் பொம்பளப் பிள்ள வச்சிருக்கீங்க. நாங்க படுத பாடு உங்களுக்குப் புரியும்” என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனான்.

அடுத்த நான்கு நாள் அவன் எங்கள் அலுவலகத்துக்கு எதிரே இருந்த பேக்கரியில் நின்றான். காலையில் வருவான், டீ குடிப்பான், போனைப் பார்ப்பான். வேறு ஒன்றும் செய்ய மாட்டான். நான் ஜன்னலை மூடினேன். மூடினால் அவன் எங்கே நிற்கிறான் என்று தெரியாத பயம் வந்தது, மறுபடி திறந்தேன். மகளைப் பள்ளி வேனில் அனுப்புவதை நிறுத்தி, என் கணவர் தினமும் கம்பெனியில் சொல்லிவிட்டு வந்து கூட்டிப்போய் விட்டார். ஏன் என்று மகள் கேட்டாள். வேன் ரிப்பேர் என்றோம். அதே வேன் எங்கள் தெருவில் போவதை அவள் பார்த்தாள்; பிறகு கேட்கவில்லை. அவளுக்கும் ஏதோ தெரிந்துவிட்டது என்பதுதான் எனக்குப் பெரிய வேதனை.

“இதெல்லாம் உனக்குத் தேவையா?” என்று கணவர் ஒரே ஒரு தடவை கேட்டார். மறுபடி கேட்கவில்லை, மகளைக் கூட்டிப்போவதையும் நிறுத்தவில்லை.

மூலனூருக்கு நாங்கள் யாரும் போகவில்லை, போனும் செய்யவில்லை. நான்காம் நாள் அண்ணாவின் தங்கையே வேறு ஒரு நம்பரில் இருந்து கூப்பிட்டார். முருங்கைக்காய் ஏற்றிப்போகும் லாரியில் அவர்களை வெளி மாநிலம் அனுப்பிவிட்டதாகச் சொன்னார். எங்கே என்று அண்ணா கேட்கவில்லை.

ஐந்தாம் நாள் பேக்கரியில் அவன் இல்லை. அன்று எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். மாறாக, அந்த நாலு நாளைவிட அன்றுதான் அதிகமாகப் பயந்தேன். அவர்கள் எங்கே போனார்கள்? ஏதாவது தெரிந்துகொண்டு போனார்களா? அந்த வாரம் முழுக்கக் காலையில் பேப்பரைப் பிரிக்கும்போது முதலில் உள்பக்கத்துச் சின்னச் செய்திகளைத்தான் தேடுவேன். இளம் தம்பதி என்ற சொல் எங்காவது இருந்தால் அதற்கு அடுத்த வரியைப் படிக்க முடியாமல் கணவரிடம் நீட்டுவேன். அவர் படித்துவிட்டு, “இவங்க இல்ல” என்பார். வேறு யாரோ என்பதில் எனக்கு ஆறுதல் வந்ததை நினைத்து வெட்கமாக இருந்தது.

இரண்டு மாதம் கழித்து ஒரு மத்தியானம் தெரியாத நம்பரில் இருந்து போன் வந்தது.

“அக்கா, நாந்தான்” என்றாள். பின்னால் ஏதோ மெஷின் சத்தம். புரியாத பாஷையில் யாரோ யாரையோ கூப்பிட்டார்கள்.

“எங்க இருக்கீங்கன்னு சொல்லிடாதம்மா” என்றேன் முதல் வார்த்தையாக.

“சொல்ல மாட்டேங்க்கா. பிள்ள நடக்க ஆரம்பிச்சிட்டா. அதச் சொல்லணும்னுதான் கூப்டேன். வீட்டுக்காரம்மாகிட்டயும் சொல்லிருங்க.”

அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். எத்தனையோ தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்த வார்த்தைகள் எல்லாம் அப்போது வரவில்லை. அவள், “விடுங்கக்கா” என்றாள். அதன்பிறகு என் மனத்தில் இரண்டு மாதமாக அறுத்துக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டேன்.

“உங்கப்பா இங்க வந்து ரொம்ப அழுதாரும்மா. உங்கம்மா படுக்கையா இருக்காங்கன்னாரு. நான் தப்புப் பண்ணிட்டனோன்னு...”

அவள் போனோடு அங்கிருந்து தள்ளிப் போனாள் போல. மெஷின் சத்தம் குறைந்தது.

“எங்கப்பா நல்லா அழுவாருக்கா” என்றாள். “மொத தடவ எங்களப் புடிச்சுக் கூட்டிட்டுப் போனப்ப, அழுதுக்கிட்டேதான் எனக்குப் பால்ல மருந்தக் கலந்து குடுத்தாரு. குடிச்சிரு தாயின்னு தலையத் தடவிக்கிட்டே குடுத்தாரு. எங்கம்மாதான் தட்டிவிட்டு, பின்வாசல் வழியா ஓடுன்னு தொறந்துவிட்டா.”

அவளே மறுபடி கேட்டாள்.

“அம்மா அந்தப் படத்தப் பாத்திருப்பாளாக்கா?”

“தெரியலயேம்மா.”

“பாத்திருந்தா நல்லதுதான். மாவிளக்கு எடுக்க அளவுக்கு நல்லா இருக்கான்னு தெரிஞ்சிருக்கும்” என்றாள். யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். வைக்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அந்த நம்பரை அப்போதே அழித்துவிட்டேன். ஆனாலும் அதன் முதல் சில எண்கள் எந்த மாநிலத்தவை என்று மனசு தானாகக் கணக்குப் போட ஆரம்பித்தது. எழுந்து கீழே இறங்கி, அச்சு இயந்திரம் ஓடும் இடத்தில் போய் நின்றேன். அவள் எங்கே இருக்கிறாள் என்பது என் தலைக்குள் எங்கேயும் தங்கிவிடக் கூடாது என்று, அந்தச் சத்தம் காதை அடைக்கும்வரை அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.